பம்பு இல்லாத நெருப்பு

"பம்பு எங்க?" என்று கேட்டான் முனிகிருஷ்ணன்.

"பம்பு கெடையாது" என்றான் டிரைவர் பச்சையப்பன்.

முனிகிருஷ்ணனுக்குப் பயம் பிடித்தது அந்த நிமிஷத்தில்தான். பதினோரு வருஷமாக நகரி கடைத்தெருவில் பெட்ரோமாக்ஸ் லைட்டை வாடகைக்கு விட்டு, ஸ்டவ் ரிப்பேர் பார்த்து வருகிறவன் அவன். அவனுக்குப் பழக்கமான நெருப்புக்கெல்லாம் பம்பு உண்டு. அடித்தால் ஏறும், திருகைத் தளர்த்தினால் புஸ்ஸென்று இறங்கிவிடும். பம்பு இல்லாத நெருப்பு என்றால், அது யார் பேச்சையும் கேட்காத நெருப்பு.

"அப்ப இது எதுல எரியுது?"

பச்சையப்பன் வண்டியின் பின்பக்கம் கட்டியிருந்த இரும்புப் பாட்டிலைக் காட்டினான். குந்தியிருக்கும் ஓர் ஆளின் உயரம் இருந்தது. ஆளைப் போலவே எதையோ மனசில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதாகவும் தோன்றியது. உள்ளே கேஸ் இருக்கிறதாம். சீமையிலிருந்து கப்பலில் வந்ததாம்.

"பர்னர்ல எரியற நெருப்பு, அந்தக் கொழா வழியா திரும்பி பாட்டிலுக்குள்ள போய்டாதா?"

பச்சையப்பன் கொஞ்சம் யோசித்தான். "நானும் அதான் கேட்டேண்ணே. வண்டிய கொண்டாந்து குடுத்த மெக்கானிக் சும்மா சிரிச்சான். அன்னைலேர்ந்து நான் வண்டில படுக்கறதில்ல."

இரண்டு பேரும் ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்கள்.

விஷயம் இதுதான். ஆந்திரா தனியாகப் பிரிந்து ஐந்து வருஷமாகியும், எல்லையோரத்தில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது தீரவில்லை. நகரியிலிருந்து மூன்று மைலில் இருக்கும் காரைமேடும் அப்படி ஓர் ஊர். நூற்றுப் பத்து வீடு, பெரும்பாலும் தறி வீடு. கிழக்கே நடந்தால் மெட்ராஸ் ராஜ்யம், மேற்கே நடந்தால் ஆந்திரா. ஊர் மட்டும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, யாராவது வந்து கூட்டிப்போவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்களுக்கு மெட்ராஸ் பக்கம் போக ஆசை. எல்லைக்கோடு ஊருக்கு மேற்கே விழுந்தால் மெட்ராஸ், கிழக்கே விழுந்தால் ஆந்திரா. அந்தக் கோட்டைப் போட வடக்கேயிருந்து ஓர் ஆபீசர் வந்து மூன்று நாளாகிறது. அவர் பெயர் யார் வாயிலும் நுழையாததால் துரை என்று வைத்துக்கொண்டார்கள்.

துரை தங்கியது சத்திரத்தில் அல்ல, ஒரு நீள மோட்டார் வண்டியில். கட்டில், மேஜை, குளிக்கிற அறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. வெந்நீருக்கு ஒரு செம்புப் பெட்டி, அதற்கடியில் கேஸில் எரியும் பர்னர். மூன்று நாளாக அந்தப் பர்னர் சரியில்லை. மஞ்சளாக எரிந்தது, கரி கக்கியது, தண்ணீர் சுடவில்லை.

மூன்று நாளாகத் துரையும் சரியில்லை. காலையில் நிலம் அளக்கிற செயினைப் பிடிக்கிற ரங்கையாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால், ஊருக்கு நாலு பக்கமும் முள்ளுப் புதர்களுக்குள் குனிந்து குனிந்து எதையோ பார்த்துவிட்டு, சாயங்காலம் கடுகடுவென்று திரும்பினார். அது என்னவாக இருக்கும் என்பதில் ஊருக்குள் பல அபிப்பிராயங்கள். வயிற்றுக் கோளாறு என்பதைத்தான் அதிகம் பேர் ஏற்றுக்கொண்டார்கள். விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டிய, ஊர் நிலக்கணக்கு எழுதுகிற கர்ணமோ, நிலம் அளக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஜுரத்தில் படுத்திருந்தார்.

இதற்கு மேல் ஒரு வதந்தி. போன கேம்ப்பில் துரை பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத் தும்மினாராம். தும்மின கையோடு பேனாவை எடுத்தாராம். அந்த ஊரே வேண்டாத பக்கம் போய்விட்டதாம்.

"ஒரு தும்மலு, நானூறு பேரு" என்றார் கோவர்த்தனன். நெசவாளர் சொசைட்டித் தலைவர். காரைமேட்டில் எதற்கும் முன்னால் நிற்பவர். வண்டியிலிருந்து முப்பது அடி தள்ளி, வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் இப்போதும் முன்னால் நின்றார். "அஞ்சரைக்கு தொரை வருவாரு. குளிப்பாரு. குளிச்சிட்டுதான் மேப்புல கோடு போடுவாருன்னு டிரைவரு சொல்றான். தண்ணி சுடணும் முனி. சுடலன்னா கோடு கெழக்கால போய்டும். அப்புறம் இந்த ஊர்ல நீ லைட்டு குடுக்க ஒரு கல்யாணம் நடக்காது, ஆமா."

ஆனால் முனிகிருஷ்ணனின் பயம் கல்யாண சீசனைப் பற்றியது இல்லை. அவன் மனைவி தாட்சாயணி காரைமேட்டுப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். வீடு எந்த ராஜ்யத்தில் விழுகிறதோ அந்த ராஜ்யத்தில்தான் இனி உத்தியோகம் என்று டீச்சர்களுக்கெல்லாம் சர்க்குலர் வந்திருந்தது. ஆந்திராவில் விழுந்தால் அவளை மதனப்பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்று சித்தூர் ஆபீசில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அங்கே தெலுங்கில் கணக்குப் பாடம் எடுக்க வேண்டும். தாட்சாயணிக்குத் தெலுங்கில் சண்டை போட வரும். கணக்கு வராது.

மத்தியானம் சோறு போடும்போதே அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "மதனப்பள்ளிக்கு நான் மட்டும் போமாட்டேங்க. உங்களையும் இட்டுக்கினுதான் போவேன். கடைய பூட்டிட்டு, அங்க எனக்கு சோறாக்கிப் போட்டுக்கினு கெடங்க."

அவர்கள் வீடு காரைமேட்டின் மேற்குக் கோடியில், மற்ற வீடுகளை விட்டு இருநூறு கெஜம் தள்ளித் தனியாக நின்றது. காற்றுக்காகக் கட்டியதல்ல. லைட்டுக்காரன் வீட்டில் மண்ணெண்ணெய் டின் இருக்கும், கூரை வேறு, தள்ளியே கட்டு என்று ஊர் கூடிப் பேசி அனுப்பிவைத்த இடம் அது. அப்படி அவனைத் தள்ளிவைத்த ஊர்தான் இன்று ஒரு வெடிகுண்டின் பக்கத்தில் அவனைக் குந்தவைத்திருந்தது.

ஆனாலும் தொழில் தெரிந்தவன். ஸ்டவ் மஞ்சளாக எரிந்தால் முதல் வைத்தியம் பின் போடுவது. தகட்டின் நுனியில் மயிரிழைக் கம்பி வைத்த அந்தப் பின்னை அவன் காதில் எப்போதும் செருகியிருப்பான், கணக்கப்பிள்ளை பென்சில் செருகுவதைப்போல. நகரியில் அந்தப் பின்னுக்குக் கட்டுப்படாத நெருப்பு இதுவரை இல்லை. கேஸ் வருகிற துவாரத்தைத் தேடிப்பிடித்து, ஸ்டவ்வுக்குக் குத்துவதுபோலவே மேலும் கீழும் நாலு குத்துக் குத்தினான். ஐந்தாவது குத்து கொஞ்சம் தாராளமாக இறங்கியது.

பச்சையப்பன் பாட்டிலைத் திறந்தான். முனிகிருஷ்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தீக்குச்சியை நீட்டினான்.

ஒரு முழம் உயரத்துக்கு மஞ்சள் நெருப்பு பெட்டியை விட்டு வெளியே வந்து, யார் கூப்பிட்டது என்று பார்த்துவிட்டு உள்ளே போனது. முனிகிருஷ்ணனின் வலது புருவம் ஏழு வருஷத்துக்கு முன்னால் புத்தூர்க் கல்யாணம் ஒன்றில் போயிருந்தது. இப்போது இடதும் போய், இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது.

"இன்னாண்ணே, முன்னத்தவிட ஜாஸ்தியா எரியுது" என்றான் பச்சையப்பன், ஜன்னல் வழியாக. அவன் எப்போது வெளியே போனான் என்று தெரியவில்லை.

முனிகிருஷ்ணன் பாட்டிலை மூடச் சொல்லிவிட்டு, திருப்பதி மலை இருக்கிற திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கும்பிட்டான். தனக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டிக்கொண்டான்.

அடுத்த வைத்தியம் பச்சையப்பன் சொன்னது. பர்னர்க் குழாயின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கிறது, அதைத் திருகினால் காற்று ஏறும் இறங்கும், மெக்கானிக் ஏதோ செய்து காட்டினான், எந்தப் பக்கம் திருகினான் என்பது மட்டும் மறந்துவிட்டது என்றான். முனிகிருஷ்ணன் தனக்குத் தோன்றிய பக்கம் திருகினான். மறுபடி பற்றவைத்தான். நெருப்பு இரைந்துகொண்டு பர்னரை விட்டு எழும்பி, அந்தரத்தில் நின்று ஆடி, டப்பென்று அணைந்தது.

அணைந்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்குள் உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு வாசனை வந்தது, பத்து நாள் அழுகின வெங்காயத்தின் வாசனை.

அடுத்தது என்ன நடந்தது என்று முனிகிருஷ்ணனுக்கு ஞாபகமில்லை. ஞாபகம் வந்தபோது அவன் வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்தான். அவனுக்கு முன்பே கோவர்த்தனன் அங்கிருந்து போயிருந்தார்.

பாட்டிலை யார் மூடுவது என்பதில் சற்று நேரம் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டினார்கள். வண்டி உன்னுடையது என்றான் முனிகிருஷ்ணன். வேலை உன்னுடையது என்றான் பச்சையப்பன். ஊர் உங்களுடையது என்று இருவரும் தூரத்தில் தெரிந்த கோவர்த்தனனைப் பார்த்தார்கள். அவர் கண் சரியாகத் தெரியாதவர்போல் நின்றார். கடைசியில் முனிகிருஷ்ணன் தலையில் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு தவழ்ந்துபோய்த் திருகை மூடினான். போகிற வழியில் வேண்டுதலைக் கொஞ்சம் பெரிதாக்கினான். தன்னோடு சேர்த்துத் தாட்சாயணிக்கும் மொட்டை. அவளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அப்போதுதான் பச்சையப்பனுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது.

"இந்த கேஸு மேல போவாதுண்ணே. தண்ணி மாதிரி பள்ளத்துல வந்து தங்கும். நெருப்பு கெடைக்கிற வரைக்கும் அங்கயே காத்துக்கினு இருக்குமாம்."

வண்டி நின்றிருந்தது ஊரின் கிழக்குக் கோடியில், ஊரிலேயே பள்ளமான இடத்தில். பத்தடியில் வீட்டு வரிசை. மணி நாலு. வரிசை முழுக்க அடுப்பு மூட்டுகிற நேரம்.

கோவர்த்தனன் தூரத்திலிருந்தே உத்தரவு போட்டார். வண்டியைத் தெரு வழியாகத் தள்ளிக்கொண்டுபோய் மேற்கே மேட்டில் நிறுத்த வேண்டும். இன்ஜின் போடக் கூடாது, பொறி பறக்கும். தறியை நிறுத்திவிட்டு இருபது பேர் வந்தார்கள். பாட்டில் இருக்கிற மூலையில் யாரும் கை வைக்க மாட்டேன் என்றதால் இருபது பேரும் மற்ற மூலையில் நெருக்கிக்கொண்டு தள்ளினார்கள். வண்டி நாலடி ஏறி, ஒரு பெருமூச்சு விட்டு, பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் வாய்க்கால்.

"கட்டை போடு, கட்டை போடு" என்று எல்லோரும் சொன்னார்கள். யார் கையிலும் கட்டை இல்லை. முனிகிருஷ்ணன் வாய்க்கால் ஓரத்து ஆவாரம்புதருக்குள் கையை விட்டான். ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாசி படிந்து, பாதி மண்ணுக்குள் கிடந்த ஒரு கல் அகப்பட்டது. அம்மியை விடக் கொஞ்சம் பெரிசு. எந்தக் காலத்திலோ துணி துவைக்க யாரோ போட்டதாக இருக்கும். வேறு நாளாக இருந்தால் அவனால் அதை அசைத்திருக்கவே முடியாது. பயம் பிடுங்கிக் கொடுத்தது. கல்லைச் சக்கரத்துக்கு அடியில் உருட்டிவிட்டான். வண்டி அதில் முட்டிக்கொண்டு நின்றது. பாட்டில் மட்டும் ஒரு தடவை டங்கென்று கேட்டது. இருபது நெசவாளர்களும் கண்ணை மூடித் திறந்தார்கள். எல்லோரும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு முனிகிருஷ்ணன் அந்தக் கல்லைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நம்பவில்லை. வேறு கல் வழியில் கிடைக்காதா என்று கேட்டவனை அவன் பார்த்த பார்வையில் கேள்வி வாபஸ் ஆயிற்று. இரண்டு பேரைப் பிடித்து, கல்லைத் தூக்கி வண்டிப் படியில் வைத்து, விழாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டே கூட நடந்தான்.

இப்படியாகத் துரையின் மோட்டார் வீடு காரைமேட்டுத் தெருவில் ஊர்வலம் போயிற்று. கோவர்த்தனன் முன்னால், நிரம்ப முன்னால், போய்க்கொண்டே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அடுப்பை அணைக்கச் சொன்னார். வீட்டுக்கு வீடு அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிற சுர்ர் சத்தம். பாதி வெந்த சோற்றோடு கமலம்மா என்ற பெண்பிள்ளை தெருவுக்கே வந்துவிட்டாள். அவளுக்கும் கோவர்த்தனனுக்கும் சொசைட்டித் தேர்தலிலிருந்தே ஆகாது.

"இன்னாத்துக்கு இம்மா ஆர்ப்பாட்டம்?"

துரை குளிக்க வெந்நீர் வேண்டுமென்று விளக்கினார் கோவர்த்தனன்.

"இத எங்கிட்ட சொல்லியிருந்தா எங்க அடுப்புல ஒரு குண்டான் வெந்நீ போட்டுக் குடுத்திருப்பேனேய்யா."

ஊர்வலம் நின்றது. இருபது பேரும் கோவர்த்தனனைப் பார்த்தார்கள். மூன்று நாளாக நூற்றுப் பத்து வீட்டில் யாருக்கும் தோன்றாதது அது. கோவர்த்தனன் அவள் வீட்டு அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். அதிலிருந்து ஈரச் சாம்பல் வழிந்துகொண்டிருந்தது. தெருவில் அணையாத அடுப்பு ஒன்றுகூட இல்லை என்பதும், அணைக்கச் சொன்னது தான்தான் என்பதும் அவருக்கு ஒரே சமயத்தில் விளங்கியது.

"தள்ளுங்கடா" என்றார்.

தெரு முடிந்தது. அதற்கப்புறம் வெட்டவெளி. அதற்கும் அப்புறம் தனியாக முனிகிருஷ்ணன் வீடு. வீட்டைத் தாண்டித்தான் மேடு. வாசலில் தாட்சாயணி நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தினுசு, பரீட்சையில் பார்த்து எழுதுகிறவனைப் பார்க்கிற தினுசு.

முனிகிருஷ்ணன் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். தன் உயிரை ஊருக்குக் கொடுத்தாயிற்று, கூரை வீட்டையும் கொடுக்க முடியாது, வீட்டுக்குள் நாலு டின் மண்ணெண்ணெய் இருக்கிறது என்றான். கோவர்த்தனன் மேடு மேடு என்றார். முனிகிருஷ்ணன் அன்றைக்கு முதல் முறையாகக் குரலை உயர்த்தினான்.

"என் வீட்டத் தாண்டி இது போவக் கூடாது தலைவரே. போச்சின்னா இந்த பின்ன உங்க கையில குடுத்துட்டு நான் போய்க்கினே இருப்பேன்."

அது பலித்தது. ஊரின் கடைசி வீட்டிலிருந்து நூறு கெஜம், முனிகிருஷ்ணன் வீட்டிலிருந்தும் நூறு கெஜம் என்று நட்டநடுவில் நிறுத்த உடன்பாடாயிற்று. முனிகிருஷ்ணன் தானே காலால் அளந்தான். அளந்துவிட்டு, இன்னும் பத்தடி கிழக்கே தள்ளச் சொன்னான், தன் வீட்டுக்கு நல்லது என்று. பிறகு கல்லை இறக்கிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். முந்தின நாள் பெய்த மழையில் மண் கசிந்திருந்தது. வண்டி சற்றே பின்வாங்கி ஏறி உட்கார, கல் அரையடி மண்ணுக்குள் இறங்கி ஜம்மென்று நின்றது.

மணி ஐந்தேகால் ஆவதற்குள் அவன் செய்த வேலையை அவன் அதற்கப்புறம் வாழ்க்கையில் செய்யவில்லை. பர்னரையே கழற்றி வெளியே எடுத்துவந்தான். குழாயைக் கவிழ்த்துத் தட்டினான். உள்ளிருந்து பஞ்சு உருண்டை மாதிரி ஒரு வெள்ளைக் கூடு விழுந்தது. அதிலிருந்து ஒரு சிலந்தி இறங்கி, கால்களை உதறிக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்துபோனது. மூன்று நாள் மஞ்சள் நெருப்புக்கும், ஒரு புருவத்துக்கும், ஊர் அடுப்பெல்லாம் அணைந்ததற்கும் அதுதான் காரணம். அதன் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

பின் குத்திப் பெரிதாக்கின துவாரம்தான் பாக்கி. தன் பையிலிருந்து, ஊசித் துவாரமுள்ள பெட்ரோமாக்ஸ் நிப்பிள் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் பொருத்திப் பார்த்தான். மரை லூஸாக இருந்தது. கோவர்த்தனன் தறியிலிருந்து கஞ்சி போட்ட பாவு நூல் வரவழைத்து, சவுக்காரத்தில் தோய்த்து, மரையில் நெருக்கமாகச் சுற்றி முறுக்கினான். சும்மா சுழன்றது பிடித்துக்கொண்டது. வளையத்தை இந்தப் பக்கமும் வேண்டாம் அந்தப் பக்கமும் வேண்டாமென்று பாதியில் வைத்தான்.

பற்றவைக்கத்தான் ஆள் இல்லை. பதினைந்தடி மூங்கில் ஒன்றின் நுனியில் எண்ணெய்த் துணி சுற்றி, சக்கரத்தின் பக்கத்தில் கல்லோடு கல்லாகத் தரையில் படுத்துக்கொண்டு, வண்டியின் பக்கவாட்டுக் கதவு வழியாக மூங்கிலை உள்ளே நீட்டினான். பச்சையப்பன் திருகைத் திறந்துவிட்டு ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. முனிகிருஷ்ணன் கல்லில் நெற்றியை அழுத்திக்கொண்டான். அவனுக்கு இனிக் கொடுக்கத் தன் தலையும் இல்லை, தாட்சாயணி தலையும் இல்லை. கோவர்த்தனனின் மொட்டையையும் ஏழுமலையானுக்கு எழுதிவைத்தான்.

பக் என்று ஒரு சின்னச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவன் ஒரு கண்ணைத் திறந்தான். செம்புப் பெட்டிக்கடியில் நெருப்பு நீலமாக, வட்டமாக, சத்தமில்லாமல், இன்ஸ்பெக்டர் வந்த நாளில் வகுப்பு உட்கார்ந்திருப்பதைப்போல எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் கையில் பட்டதும் இழுத்துக்கொள்கிற அளவுக்குச் சுட்டது.

துரை சொன்ன நேரத்துக்கு வந்தார். வண்டியை விட்ட இடத்தில் காணாமல் கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு ரங்கையாவோடு தெரு முழுக்க நடந்து வந்தார். உடம்பெல்லாம் முள் கீறல், மூக்குச் சிவப்பு. ஊர் மொத்தமும் கடைசி வீட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்று, நூறு கெஜத்துக்கு அப்பால் நடப்பதைப் பார்த்தது. கிட்டே போக யாருக்கும் அவசரமில்லை.

துரை வண்டியை நெருங்கினார். ஏறப்போனவர் நின்றார். சக்கரத்துப் பக்கம் குனிந்தார். பிறகு அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா பண்றாரு?" என்றான் முனிகிருஷ்ணன்.

"ஷூ கழட்றாரு" என்றார் கோவர்த்தனன். "குளிக்கப் போறாரில்ல."

ரங்கையாவும் குனிந்து எதையோ தேய்த்தார். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு துரை உள்ளே போனார். காரைமேடு மூச்சைப் பிடித்துக்கொண்டது. எப்போது வேண்டுமானாலும் சத்தம் கேட்கலாமென்று முனிகிருஷ்ணன் காதைப் பொத்திக்கொண்டான், தும்மலோ வெடியோ, இரண்டும் அவனுக்கு ஒன்றுதான். பத்து நிமிஷத்தில் துரை கையில் மேப்போடு வெளியே வந்து, ஊரைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். சிரித்தார். மூன்று நாளில் அவருக்குப் பல் இருக்கிறதே அன்றுதான் தெரிந்தது.

வெட்டவெளியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்த தாட்சாயணி, இத்தனை பேர் நடுவில் புருஷன் நெற்றியில் ஒட்டியிருந்த பாசியை முந்தானையால் துடைத்துவிட்டாள். "புருவம் மொளைச்சிக்கும், உடுங்க" என்றாள். அவள் இவ்வளவு அன்பாகப் பேசி அவன் கேட்டதில்லை. வேண்டுதலைப் பற்றி நாளைக்குச் சொல்லலாமென்று தள்ளிப்போட்டான்.

ரங்கையா சேதியோடு வந்தார். சித்தூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, வேலையில் இரண்டும்.

"கோடு போட்டாச்சுங்க. ஊருக்கு மேக்கால."

இருபது நெசவாளர்களும் முனிகிருஷ்ணனைத் தூக்கப் பார்த்தார்கள். கோவர்த்தனன் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டார். "எல்லாம் வெந்நீ செஞ்ச வேல" என்றார், தானே காய்ச்சினவர்போல.

"எந்த வெந்நீங்க?" என்றார் ரங்கையா. "தொரை இன்னும் குளிக்கவே இல்லியே. கல்லு கெடச்ச சந்தோஷத்துல குளியலே மறந்துட்டாரு."

"எந்தக் கல்லு?"

"எல்லைக் கல்லுங்க, கார்வேட்டி ஜமீன் காலத்துது. பழைய மேப்ப கரையான் துன்னுடுச்சு. கல்லு எங்க நிக்குதோ அதான் எல்லைன்னு மேல உத்தரவு. மூணு நாளா முள்ளுல தேடினோம், கடைசில நம்ம வண்டிச் சக்கரத்துங்கீழயே நிக்குது. பாசியத் தேச்சா எழுத்து அப்பிடியே கீது. அம்பது வருஷமாச்சு, ஒரு அங்குலம் அசையலீங்க."

இருபது நெசவாளர்களும் இருபது திசையைப் பார்த்தார்கள். கோவர்த்தனன் கொடுத்த துண்டை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். முனிகிருஷ்ணன் பாசி படிந்த இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

ரங்கையா மேப்பின் நகலை விரித்து, பென்சிலால் எண்ணிக்கொண்டே போனார்.

"நூத்தி ஒம்பது வீடு மெட்ராஸுக்குப் போச்சு. கல்லுக்கு அந்தாண்ட ஒத்தைக் கூரை வீடு ஒண்ணுதான் நம்ம ஆந்திராவுக்கு மிச்சம், அது எவரு வீடுங்க?"